நாக்கின் கீழ் ஐந்து துளி

பிள்ளைகளே, எனக்கு வந்த வருத்தத்தைப் பற்றி, அதாவது நோயைப் பற்றி எழுதச் சொன்னது என் மகள் மெலனி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் உங்களோடு படிக்கிற அருணின் அப்பா நான். ரெய்னர்ஸ் லேனில் இருக்கிறோம். பதினாறு வருடமாக லண்டனில் பஸ் ஓட்டுகிறேன். மன்னாரில் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவன், அதனால் பெரிய சொற்கள் என்னிடம் இல்லை. டொக்டர்மார் சொன்னது எனக்கு எப்படி விளங்கியதோ அப்படியே எழுதுகிறேன். நீங்கள் பயப்படாமல் வாசிக்க வேண்டும் என்பதால் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். நான் இப்போது நன்றாக இருக்கிறேன். இதை என் கையாலேயே பேனா பிடித்து எழுதுகிறேன்.

ஒரு குளிர்காலக் காலையில் வேலைக்கு வெளிக்கிட்டபோது பற்பசைக் குழாயை அமுக்க ஏலவில்லை. விரல் மொளிகள் எல்லாம் வீங்கி, பத்து விரலும் பத்துக் கட்டையாக இருந்தன. சுடுதண்ணீரில் அரை மணி நேரம் கையை வைத்திருந்த பிறகுதான் மடங்கின. குளிருக்குத்தான் இப்படி என்று நினைத்தேன். மூன்று வாரம் போனது. ஒரு நாள் சந்தியில் பஸ்ஸைத் திருப்பும்போது இடது கை ஸ்டியரிங் சக்கரத்தைப் பிடிக்காமல் வழுக்கியது. பஸ்ஸில் நாற்பது பேர் இருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் அடுத்த நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்தி, எங்கள் பஸ்கள் நிற்கும் கராஜுக்குப் போன் பண்ணினேன். என்னால் இனி ஓட்ட ஏலாது, வேறு ஆளை அனுப்புங்கள் என்று சொன்னேன். அன்றிலிருந்து பதினொரு மாதம் நான் சக்கரத்தைத் தொடவில்லை.

குடும்ப டொக்டர் என்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் மூட்டு வருத்தப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே காத்திருக்கும் அறையில் என்னைவிட இளம் ஆட்களும் இருந்தார்கள். மூட்டு வருத்தம் என்றால் கிழவர்களுக்கு வருவது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். பக்கத்துக் கதிரையில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. இரண்டு உள்ளங்கையாலும் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தாள். நானும் அப்படித்தான் பிடித்திருந்தேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

இரத்தம் எடுத்தார்கள். கைமொளிகளில் குளிர்ந்த பசை பூசி, வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பார்க்கிற அதே கருவியால் உள்ளே பார்த்தார்கள். பிறகு டொக்டர் வருத்தத்தின் பெயரைச் சொன்னார். தமிழில் முடக்குவாதம் என்போம்.

அது என்ன என்று என் வேலையை வைத்தே உங்களுக்குச் சொல்கிறேன். பஸ்ஸில் சில நாட்களில் டிக்கெட் பரிசோதகர் ஏறுவார், பார்த்திருப்பீர்கள். காசு கட்டாமல் ஏறியவரைப் பிடிப்பது அவர் வேலை. எங்கள் உடம்பிலும் இரத்தத்தில் அப்படிப்பட்ட பரிசோதகர்கள் ஓடித்திரிகிறார்கள். வெளியிலிருந்து வரும் கிருமியைப் பிடிப்பது அவர்கள் வேலை. என் உடம்பில் அவர்களுக்குக் குழப்பம் வந்துவிட்டது. ஒழுங்காகக் காசு கட்டி உட்கார்ந்திருக்கிற என் சொந்த மூட்டையே பிடித்து இழுத்து அடிக்கிறார்கள். அந்த அடியால் வருகிறதுதான் வீக்கமும் சூடும் நோவும். அப்படியே விட்டால் எலும்பை அரித்துவிடும். அரித்த எலும்பு திரும்பி வளராது.

மருந்து மெத்தோட்ரெக்சேட் என்ற குளிசை. சிலர் மாத்திரை என்பார்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள் எடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது திங்கட்கிழமை. அது பரிசோதகர்களைச் சாந்தப்படுத்தும், ஆனால் வேலை செய்ய மூன்று மாதம்வரை ஆகலாம், ஈரலுக்குக் கெடுதல் வருகிறதா என்று அடிக்கடி இரத்தம் பார்க்க வேண்டும் என்றார்கள். கராஜிலிருந்தும் கடிதம் வந்தது. மரியாதையான கடிதம்தான். ஆனால் வருடம் முடிவதற்குள் கை சரிவராவிட்டால் என்னை டிரைவராக வைத்திருக்க முடியாது என்பதுதான் அதன் சாரம். எனக்கு வேறு தொழில் தெரியாது.

அந்த மாதங்களில் வீட்டில் நடந்ததை நான் மறக்க மாட்டேன். அருணுக்கு ஒன்பது வயது. யாரும் சொல்லாமலே காலையில் என் பிரஷில் பற்பசை வைத்து, வாளிக்குள் சுடுதண்ணீரும் பிடித்துவிட்டுத்தான் பள்ளிக்கு வெளிக்கிடுவான். மெலனி என் சப்பாத்துக்கு நாடா கட்டிவிடுவாள். என் மனைவி ஜெசிந்தா கரண்டிப் பிடிகளில் துணி சுற்றித் தடிப்பாக்கித் தந்தா. நான் புட்டைக் கையால் குழைத்துச் சாப்பிட ஏலாமல் கரண்டியால் சாப்பிடுகிறேன் என்று எனக்கு வெட்கம் வராமலிருக்க, வீட்டில் எல்லாருமே கரண்டியால் சாப்பிட்டார்கள். புட்டை முள்ளுக்கரண்டியால் சாப்பிட்டு நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பாதி மேசையில்தான் கிடக்கும்.

குளிசை தொடங்கி ஐந்து வாரம் ஆகியும் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் ரஞ்சன் அண்ணை வந்தார். எங்கள் பங்குக் கோயிலில் பழக்கமான மனிதர், பலசரக்குக் கடை வைத்திருக்கிறார், தங்கமான மனது. பூசை முடிந்து என்னைக் கார் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு சின்னக் கறுப்புப் போத்தலை எடுத்தார்.

"தம்பி, இது எண்ணெய். நாக்குக்குக் கீழ ஐஞ்சு துளி விடும். என்ர முழங்கால் இதிலதான் நிக்குது."

"என்ன எண்ணெய் அண்ணை?"

"கஞ்சாச் செடியில எடுக்கிறது. ஆனா வெறிக்காது. சட்டப்படி கடையில விக்கிறாங்கள். உம்மட மனுசிட்டச் சொல்லாதையும், அவ பெயரைக் கேட்டாலே மயங்கி விழுந்திடுவா."

பிள்ளைகளே, இங்கே நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பூங்காப் பக்கம் நடக்கும்போது அந்த மணம் வந்தால், "மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த ரோட்டால வா" என்று மெலனியைக் கூட்டிப்போகிற தகப்பன் நான். அது பற்றி அவளுக்கு எத்தனை பிரசங்கம் வைத்திருப்பேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. அப்படிப்பட்ட நான் அந்தப் போத்தலை வாங்கிக் கொண்டுவந்து, வீட்டில் யாரும் கை வைக்காத இடமாகப் பார்த்து, நாங்கள் செபம் சொல்லும் பீடத்தில் மாதா சுரூபத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

ஒரு விஷயத்தில் பொய் சொல்லக் கூடாது. அந்த எண்ணெயால் எனக்குச் சுகம் தெரிந்தது. கொஞ்சம் நன்றாக நித்திரை வந்தது, நோவின் கூர் மழுங்கிய மாதிரி இருந்தது. ஐந்து துளி பத்தானது. பத்து, போத்தல் மூடியில் இருக்கிற துளிக் குழாயில் அரைவாசியானது. அரை, முழுக் குழாயானது. கூட விட்டால் கூடச் சுகம் வரும் என்பது என் கணக்கு.

இனி என் பிழைக்கு வருகிறேன். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. டொக்டர் கேட்டால் டொக்டர் தந்த மருந்தை மட்டும்தான் சொல்வோம். வீட்டில் அவித்துக் குடிக்கிற கசாயம், ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த தைலம், தெரிந்தவர் தந்த குளிசை, இவற்றைச் சொல்ல மாட்டோம். சொன்னால் ஏசுவார்கள், அல்லது எங்களைப் படியாத சனம் என்று நினைப்பார்கள் என்ற பயம். இரத்தம் எடுக்கப் போகும் ஒவ்வொரு முறையும் தாதி, வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்பா. ஒவ்வொரு முறையும் நான் சிரித்துக்கொண்டு இல்லை என்பேன்.

பத்தாவது வாரத்தில் கை விரல்கள் கொஞ்சம் மடங்கத் தொடங்கின. சந்தோசப்பட்டு இரண்டு நாள் ஆகவில்லை, வலது முழங்கால் பலூன் போல வீங்கிச் சூடாகி, காய்ச்சலும் வந்துவிட்டது. மெத்தோட்ரெக்சேட் எடுப்பவருக்கு இப்படி வந்தால் மூட்டுக்குள் கிருமி போயிருக்கலாம், அது ஆபத்து என்று உடனே ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்தார்கள். ஊசியால் முழங்காலிலிருந்து ஒரு சிறு தேத்தண்ணீர்க் கோப்பை அளவுக்கு மஞ்சள் நீர் எடுத்துக் கிருமி இருக்கிறதா என்று பார்க்க அனுப்பினார்கள். முடிவு வரும்வரை கை நரம்பில் கிருமிகொல்லி மருந்து ஏற்றினார்கள். ஊசி போட்ட இளம் டொக்டர் என்னிடம் பஸ் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார், நோ தெரியாமலிருக்க. உண்மையாகவே பாதிதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் சேர்ந்து வந்தன. முழங்காலில் கிருமி இல்லை, அதுவும் முடக்குவாதத்தின் வேலைதான். ஆனால் இரத்தத்தில் ஈரலின் அளவுகள் இருக்க வேண்டியதைவிட மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருந்தன. ஈரல் என்பது நாங்கள் விழுங்குகிற எல்லாவற்றையும் பிரித்துச் சுத்தம் செய்யும் இடம். அது அடிபட்டால் இரத்தத்தில் அடையாளம் காட்டும். பெரிய டொக்டர் கட்டிலருகில் வந்து நின்று சொன்னார்: மெத்தோட்ரெக்சேட் உங்களுக்கு ஒத்துவரவில்லை போலிருக்கிறது. நிறுத்தியிருக்கிறோம். அநேகமாக அதை முழுதாக விட்டுவிட்டு வேறொன்றை முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். நாளை முடிவெடுப்போம்.

முதலிலிருந்து என்றால் இன்னும் மூன்று மாதம், அல்லது ஆறு. கராஜின் தவணை அதற்குள் முடிந்துவிடும். அப்போதுதான் மடங்கத் தொடங்கிய விரல்களைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அன்று மத்தியானம் வாட்டின் மருந்தாளர் வந்தா. நோயாளி எடுக்கிற எல்லா மருந்தையும் பட்டியல் போட்டுச் சரிபார்ப்பவர். பெயர் துர்க்கா. லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் வளர்ந்த எங்கள் தமிழ்ப் பிள்ளை. என் பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே கதைத்தா.

"அங்கிள், ஒஸ்பிட்டல் தந்ததை விட வேற ஏதும் எடுக்கிறனீங்களோ? கடையில வாங்கினது, ஆராவது தந்தது, எண்ணெய், கசாயம், எதெண்டாலும்?"

வெள்ளைக்காரத் தாதியிடம் சொல்லாததை, என் மகளைவிடப் பத்து வயது கூடிய தமிழ்ப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அந்தச் சொல்லையே என் வாயால் சொல்ல வேண்டுமே.

"இல்லைப் பிள்ளை," என்றேன்.

பின்னேரம் ஜெசிந்தா புட்டும் முட்டைப்பொரியலும் கட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தா, பிள்ளைகளோடு. டொக்டர் சொன்னதைச் சொன்னேன். ஜெசிந்தா என் போர்வையைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தா. மெலனி கட்டிலுக்குக் கிட்ட வந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, மாதாவுக்குப் பின்னால இருக்கிற போத்தலைப் பற்றி டொக்டருக்குச் சொன்னீங்களா?"

பீடத்தில் மெழுகுதிரி ஏற்றுவது அவள் வேலை என்பதை நான் யோசிக்கவே இல்லை. அவளுக்குப் பல வாரங்களாகத் தெரியும்.

"என்ன போத்தல்?" என்றா ஜெசிந்தா.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், துளியிலிருந்து முழுக் குழாய்வரை. ஜெசிந்தா மயங்கி விழவில்லை. என்னை நேரே பார்த்தா.

"நான் இவருக்குச் சுகம் தா தாயே எண்டு ஒவ்வொரு நாளும் முழங்காலில நிக்கிறன். இவர் என்னடாவெண்டால் அவவுக்குப் பின்னாலயே ஒளிச்சு வச்சிருக்கிறார்."

அருண் சிரித்துவிட்டான். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, மெலனிக்கும் வரவில்லை.

"எனக்குத் தெரியும் நீங்கள் வெட்கப்படுவீங்கள் எண்டு," என்றாள். "அதுதான் நான் கேக்கேல்லை. ஆனா அந்த லேபிளை நான் கூகிள் பண்ணினனான் அப்பா. அதுவும் லிவரைத்தான் அஃபெக்ட் பண்ணும். நீங்கள் சொல்லாட்டி அவையள் பிழையான மருந்தை நிப்பாட்டப் போகினம்."

அவளுக்குப் பதினைந்து வயது. பூங்காவில் நான் வைத்த பிரசங்கம் ஒன்றையும் அவள் எனக்குத் திருப்பிச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பெரிய அடி.

அடுத்த நாள் காலை, டொக்டர்மார் கட்டில் கட்டிலாக வருமுன், மருந்தாளரைக் கூப்பிடச் சொன்னேன். துர்க்கா வந்தா. ஜெசிந்தா முதல் நாளே வீட்டுக்குப் போய்ப் போத்தலைப் படமெடுத்து அனுப்பியிருந்தா. போனை நீட்டினேன்.

"பிள்ளை, நேற்று நான் பொய் சொன்னனான். இது கஞ்சா எண்ணெய். ஐஞ்சு கிழமையா எடுக்கிறன். கராஜுக்குத் தெரிஞ்சால் என்ர லைசன்ஸ் போயிடுமெண்டு பயம். அதைவிடப் பயம் உங்களுக்குச் சொல்ல."

துர்க்கா கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டு உட்கார்ந்தா.

"அங்கிள், நான் கராஜுக்குப் போன் பண்ண மாட்டன். எனக்கு உங்கட ஈரல்தான் வேணும்."

பிறகு அவ விளங்கப்படுத்தியதைக் கவனமாக வாசியுங்கள். அந்தச் செடிக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட சத்துகள் இருக்கின்றன. கன்னாபினாய்டு என்பது அவற்றின் குடும்பப் பெயர். அதில் ஒன்று வெறிக்கச் செய்வது. மற்றொன்று வெறிக்காதது, என் போத்தலில் இருந்தது அது. ஆச்சரியம் என்னவென்றால், இவற்றைப் போன்ற பொருட்களை எங்கள் உடம்பும் தானாகவே செய்கிறது. அவற்றுக்கான பூட்டுத் துவாரங்கள் மூளையிலும் இருக்கின்றன, நான் சொன்ன அந்தப் பரிசோதகர்களிலும் இருக்கின்றன. அதனால் சரியான திறப்பைப் போட்டால் பரிசோதகர்களை அமைதிப்படுத்தலாமோ என்று விஞ்ஞானிகள் தேடுகிறார்கள். எலிகளின் மூட்டில் வீக்கம் குறைந்ததைப் பார்த்திருக்கிறார்கள். மனிதர்களில் செய்த பரிசோதனைகள் சிறியவை. சிலருக்கு நோவும் நித்திரையும் கொஞ்சம் தேறுகிறது. ஆனால் எலும்பு அரிப்பதை அது நிறுத்தும் என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. இந்த நாட்டில் வேறு சில வருத்தங்களுக்குச் சிறப்பு டொக்டர்மார் அந்தச் செடியிலிருந்து செய்த மருந்து எழுதுவது உண்டு, முடக்குவாதத்துக்கு அது வழமையான மருந்து அல்ல.

"உங்களுக்குச் சுகமா இருந்ததெண்டது பொய்யில்லை," என்றா. "ஆனா நோ குறையிறது வேற, வருத்தம் குறையிறது வேற. நீங்கள் விட்ட அளவுக்கு அது ஈரலுக்குப் பாரம். மெத்தோட்ரெக்சேட்டும் ஈரலுக்குப் பாரம். ரெண்டும் ஒண்டா ஏறினா?"

இன்னொன்றும் சொன்னா. கடையில் விற்கும் எண்ணெயில் லேபிளில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கும் என்று நிச்சயமில்லை. வெறிக்கச் செய்வதும் சொட்டு அளவில் கலந்திருக்கலாம். டிரைவர்களுக்குத் திடீர்ப் பரிசோதனை வைக்கிற தொழிலில் அது என்னைக் கொண்டுபோய் எங்கே நிறுத்தியிருக்கும் என்று யோசித்தபோது எனக்கு வேர்த்துவிட்டது.

டொக்டர்மார் வந்தபோது துர்க்கா என் கட்டிலருகிலேயே நின்றா. பெரிய டொக்டர் கேட்டுவிட்டு ஏசவில்லை. மெத்தோட்ரெக்சேட்டை முழுதாக விடும் முடிவை ஒத்திவைக்கிறேன் என்றார். எண்ணெயை நிறுத்துங்கள், குளிசைக்கும் சில வாரம் ஓய்வு, ஈரல் இறங்குகிறதா பார்ப்போம், எது காரணம் என்று இப்போது அடித்துச் சொல்ல முடியாது என்றார். அன்றே முழங்காலுக்குள் வீக்கம் குறைக்கும் ஊசி ஒன்று போட்டார்கள். சனிக்கிழமை இரண்டு காலாலும் நடந்து வீட்டுக்குப் போனேன்.

எண்ணெய் இல்லாத முதல் இரண்டு வாரம் கஷ்டம். நித்திரை குழம்பியது, நோ கூர்மையாக வந்தது. ஆனால் ஒவ்வொரு இரத்தப் பரிசோதனையிலும் ஈரல் இறங்கியது. ஐந்தாவது வாரம் வழமைக்கு வந்தது. குளிசையைக் குறைந்த அளவில் திரும்பத் தொடங்கினார்கள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். இரண்டு வாரம், நான்கு வாரம், எட்டு வாரம். ஈரல் அசையவில்லை. மெலனி குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டி ஒவ்வொரு முடிவையும் எழுதினாள்.

ரஞ்சன் அண்ணைக்கு முதலில் மனவருத்தம். நல்லதுக்குத் தந்தது இப்படியாகிவிட்டதே என்று இரண்டு ஞாயிறு என்னோடு கதைக்கவில்லை. அவர் இரத்தம் உறையாமலிருக்க ஒரு மருந்து எடுப்பவர். அந்த எண்ணெய் அதனோடும் மோதும் என்று துர்க்கா எனக்குச் சொல்லியிருந்தா. மூன்றாவது ஞாயிறு அவர் வீட்டுக்கே போய் அதைச் சொன்னேன். அடுத்த நாள் ஒரு பிஸ்கட் டின் நிறைய எல்லாப் போத்தல்களையும் போட்டுக்கொண்டு குடும்ப டொக்டரிடம் போனார். அவருடைய டொக்டர் டின்னைப் பார்த்து, இது என்ன இன்னொரு கடையா என்று கேட்டாராம். இதை இப்போது அவரே எல்லாருக்கும் சொல்லிச் சிரிக்கிறார்.

ஒரு காலை எழும்பி, நினைக்காமலே சட்டைப் பொத்தான் எல்லாவற்றையும் போட்டுவிட்டேன். கடைசிப் பொத்தானில்தான் கவனித்தேன். ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். அவ வந்து பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்து விரல் ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தா. மடங்கின. அன்று மத்தியானம் எல்லாரும் கையால் சாப்பிட்டோம்.

கராஜின் மருத்துவரிடம் போனபோது நானாகவே எல்லாவற்றையும் சொன்னேன், எண்ணெய் உட்பட. நிறுத்திப் பல மாதம் ஆகிவிட்டது, சிறுநீர்ப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. அவர் என் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, தன் விரல்களை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். போதும் போதும் என்று கையை இழுத்துக்கொண்டார். கடிதத்தில் சொன்ன தவணைக்கு ஐந்து வாரம் இருந்தது.

சிலர் கேட்கிறார்கள், அப்படியென்றால் அந்தச் செடி நல்லதா கெட்டதா என்று. எனக்குத் தெரியாது, பிள்ளைகளே. ஒரு நாள் அதிலிருந்து முடக்குவாதத்துக்கு நல்ல மருந்து வரலாம். வந்தால் டொக்டர் அளவு எழுதித் தருவார், நானும் வாங்குவேன். அதுவரை உங்கள் அப்பா அம்மா எதை எங்கே ஒளித்து வைத்து விழுங்கினாலும், மெலனியைப் போல வெட்கப்படுத்தாமல் கேளுங்கள்.

திரும்ப வேலைக்குப் போன முதல் நாள் திங்கட்கிழமை. ஹரோ பக்கம் ரோட்டு வேலை நடந்ததால் பஸ் பிந்திவிட்டது. மூன்றாவது நிறுத்தத்தில் சாமான் வண்டி இழுத்துக்கொண்டு ஒரு முதிய அம்மா ஏறினா. ஆறு நிமிடம் பிந்தி வந்திருக்கிறாய், உனக்கு மணிக்கூடு பார்க்கத் தெரியாதா, நான் முறைப்பாடு எழுதப்போகிறேன் என்று ஆங்கிலத்தில் என்னை நன்றாக ஏசினா. பதினொரு மாதமாக என்னோடு கதைத்த எல்லாரும் கை எப்படி, நோ எப்படி என்றுதான் கேட்டிருந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டு, எழுதுங்கள் அம்மா, கட்டாயம் எழுதுங்கள் என்றேன். அவவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவ உட்காரும்வரை பார்த்திருந்து, கதவை மூடி, இரண்டு கையாலும் சக்கரத்தை முழுதாக ஒடித்துப் பெரிய ரோட்டில் ஏற்றினேன்.